கஸ்பார் பீடியை விட்டுக்கொண்டிருந்த காலம்

பீடியை விடுவதில் கஸ்பாருக்கு இணையான ஆள் அந்தமான் தீவுகளிலேயே கிடையாது. மற்றவர்கள் ஆயுளில் ஒரு தடவை விடுவார்கள், அதோடு சமாச்சாரம் முடிந்துவிடும். கஸ்பார் ஈஸ்டருக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, மனைவி அமுதத்தின் பிறந்தநாளுக்கு ஒரு தடவை, புயல் எச்சரிக்கை வந்தால் பயத்தில் ஒரு தடவை என்று விடுவார். விடும்போதெல்லாம் பிரிக்காத கட்டு ஒன்றைக் கடலில் வீசி எறிவார். பாம்பூ பிளாட் பக்கம் பிடிபடும் மீன்கள் சட்டியில் ஏறுவதற்கு முன்பே கருகல் வாசனை அடிப்பதற்கும், சில மீன்கள் தூண்டிலில் மேலே வரும்போது லேசாக இருமுவதற்கும் அதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய ஜெட்டியில் ஆட்கள் இருந்தார்கள்.

ஒருமுறை, நடுக்கடலில் கடை ஏது, பீடிக்கு நீந்தியா போகமுடியும் என்று கணக்குப் போட்டு, மெயின்லேண்டில் எந்த வேலையும் இல்லாமலே சென்னைக் கப்பலில் ஏறினார். அந்தக் கப்பலில் பாதிப் பேர் தன்னோடு வேலை பார்த்தவர்கள் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். எஞ்சின் அறையிலிருந்து சமையல்கட்டு வரை ஒவ்வொருவரும் ‘அண்ணன் வந்திருக்காரு’ என்று பாசத்தோடு ஒரு பீடியை நீட்டினார்கள். பாசத்தை மறுத்துப் பழக்கமில்லாத மனிதர் அவர். சென்னையில் கப்பல் கரை சேர்ந்தபோது, இதற்கு இன்னொரு புகைபோக்கி எப்போது வைத்தார்கள் என்று அங்கே விசாரித்தார்களாம்.

கஸ்பார் ஒரு சராங்கு. சாத்தம் ஜெட்டிக்கும் எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூ பிளாட்டுக்கும் நடுவே லாரி, பைக், ஆட்டோ, ஆடு, கல்யாண கோஷ்டி, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்வரும் ஃபெர்ரியை ஓட்டுகிறவர். அப்பா கன்னியாகுமரிக் கரையிலிருந்து மீன்பிடிக்க வந்து இங்கேயே தங்கியவர். மகனுக்கு அவர் விட்டுப்போனது தண்ணீரைப் பற்றிய ஞானமும், பீடியும். முதல் சொத்து சோறு போட்டது. இரண்டாவது சொத்து கஸ்பாரின் இடது கால் பெருவிரலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் விரல் மரத்துப்போனது. பிறகு நீலம் பாரித்தது. பிறகு நகத்தின் ஓரம் நாவல் பழம் மாதிரி ஆனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் திவ்யா, மெயின்லேண்டிலிருந்து வந்த சின்ன வயதுப் பெண், விரலை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு, பீடிப் புகையால் காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி அடைத்துக்கொண்டு வருகின்றன, நிறுத்தினால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம், நிறுத்தாவிட்டால் முதலில் விரல், பிறகு பாதம், பிறகு அதற்கும் மேலே என்று, மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர் அளவு கேட்பது போல கையை அவர் காலில் வைத்து வைத்துக் காட்டினார். கஸ்பார் நாள் முழுக்க ஃபெர்ரியின் ஓட்டுநர் அறையான வீல்ஹவுஸில் நின்றுகொண்டு வேலை பார்க்கிறவர். ஒற்றைக்காலில் நிற்கும் சராங்கை யார் வைத்துக்கொள்வார்கள்? அன்றைக்கே பீடியை விட்டார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, அந்தச் செய்தியின் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக ஒரு பீடி பற்றவைத்தார்.

விஷயம் முத்துராஜின் காதுக்குப் போனது. முத்துராஜும் சராங்குதான். அதே தடத்தில் ஓடும் இன்னொரு ஃபெர்ரி அவருடையது. இலங்கையின் மலைத்தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து கச்சால் தீவில் ரப்பர் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர். இப்போது மரைன் ஹில்லில் வீடு. கஸ்பார் வயதுதான். சிகரெட் குடித்து, விட்டு, குடித்து, விட்டு, கடைசியில் ஒரு மழைக்காலத்தில் நிறுத்தி இன்னொரு மழைக்காலத்தையும் பார்த்துவிட்டவர். லீவு நாளில் பயணியாக கஸ்பாரின் ஃபெர்ரியில் ஏறி, நேராக வீல்ஹவுஸுக்கு வந்து நின்றார். இந்தத் தடவை சத்தியம் பண்ணக்கூடாது, வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொள்ளக்கூடாது, கடலில் கட்டு வீசக்கூடாது, ஊருக்குத் தண்டோராவும் போடக்கூடாது என்று சட்டம் போட்டார்.

“பின்ன என்னதான் செய்யணும்?” என்றார் கஸ்பார்.

“குடிக்காம இருக்கணும். குடிச்சா என்கிட்ட சொல்லணும். அம்புட்டுத்தான்.”

“நீ விட்டுட்ட மக்கா. உனக்கு என்ன, சொல்லுவ.”

“நான் எங்கயா விட்டேன். இன்னைய வரைக்கும் விட்டுக்கிட்டேதான் இருக்கேன். டீ குடிச்சா கை தானா சட்டைப்பைக்குப் போகுது. எனக்கும் ஒரு ஆள் வேணும் கஸ்பாரு.”

சொல்வது என்றால் எங்கே சொல்வது என்பதுதான் அடுத்த சிக்கல். இவர் படகு சாத்தத்தில் நிற்கும்போது அவர் படகு பாம்பூ பிளாட்டில் நிற்கும். இது கிளம்பினால் அதுவும் கிளம்பும். வேலை நாட்களில் இருவரும் ஒரே கரையில் கால் வைப்பது கிடையாது. நடுத்தண்ணீரில் இரண்டு படகும் ஒன்றையொன்று கடக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்களுக்கு வாய்த்தது. ஆகவே அங்கேயே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கடக்கும்போது இரண்டு பேரும் வீல்ஹவுஸ் ஜன்னல் வழியாக இரண்டு கையையும் நீட்டி, விரல்களை விரித்துக் காட்டவேண்டும். விரலிடுக்கில் ஒன்றுமில்லை, இன்றைக்கு இதுவரை ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

உலகத்திலேயே சராங்குகள் மட்டும் செய்யக்கூடிய முட்டாள்தனம் அது. எதிரும் புதிருமாக வரும் இரண்டு ஃபெர்ரிகள், பக்கத்தில் வரும் நேரம் பார்த்து இரண்டு சராங்குகளும் வீலை விட்டுவிட்டுக் கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். கஸ்பாருக்கு உதவியாள் மார்ட்டின் பாய்ந்து வந்து வீலைப் பிடித்துக்கொள்வார். பிடித்துக்கொண்டே அந்தோணியாரையும் கூப்பிடுவார்.

முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பதிலுக்குக் கையை விரித்தார்கள். பிறகு கூடை வைத்திருந்த மீன்காரப் பெண்கள். பிறகு பைக்கில் உட்கார்ந்திருந்தவர்கள். ஒரு மாதத்துக்குள் இரண்டு ஃபெர்ரியிலும் இருந்த வங்காளி, தெலுங்கர், மலையாளி அத்தனை பேரும், காரணம் தெரியாமலே, நடுவழியில் எழுந்து நின்று ஒருவருக்கொருவர் உள்ளங்கையைக் காட்டினார்கள். ஒரு சுற்றுலாக் கூட்டம் அதைத் தீவுகளின் பழைய சம்பிரதாயம் என்று நினைத்துக் கண்கலங்கி வீடியோ எடுத்துக்கொண்டு போனது.

கஸ்பாரும் நிஜமாகவே குடிக்கவில்லை. தூக்கம் வரவில்லை, எரிச்சல் வந்தது, அமுதத்தின் குழம்பில் உப்பு கூடி நாலாம் உலகப் போர் வந்தது. ஆனாலும் ஒவ்வொரு கடப்புக்கும் அவர் கைகள் வெறுமையாக இருந்தன. எதிர்ப்படகில் முத்துராஜின் பற்கள் தெரிந்தால் அடுத்த கடப்பு வரைக்கும் தாங்கிவிடுவார். ஒரு நாளை அவர் மணியால் அளக்கவில்லை. முத்துராஜால் அளந்தார்.

அப்படி இருக்கும்போது அந்தத் தேங்காய் லாரி வந்தது.

மழை அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பாம்பூ பிளாட்டில் இறங்கும்போது அந்த லாரி சாய்வுப் பலகையில் வழுக்கியது. பின்சக்கரம் தண்ணீர்ப் பக்கம் தொங்க, மூட்டைகள் அவிழ்ந்து, தீவில் இருக்கும் தேங்காய் மொத்தமும் கடலுக்கு வந்துவிட்டது போலக் காய்கள் மிதந்தன. படகைக் கரையோடு அழுத்திப் பிடித்து நிறுத்தினால்தான் லாரி விழாது. கஸ்பார் எஞ்சினை விடாமல் கொடுத்து, அலை தள்ளத் தள்ள, லாரியை மற்றவர்கள் கயிறு கட்டி இழுக்கும் வரைக்கும் பிடித்து நின்றார். எல்லாம் முடிந்து கீழே இறங்கினார். லாரி டிரைவர் ஓடி வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே நன்றிக்கு ஒரு பீடியை எடுத்து அவர் உதட்டில் வைத்துத் தானே பற்றவைத்தும் விட்டார். பாதி பீடி போன பிறகுதான் அது பீடி என்பதே கஸ்பாருக்கு உறைத்தது. மீதிப் பாதியைத் தெரிந்தே குடித்தார்.

திரும்பி வரும்போது எதிரே முத்துராஜின் படகு. லாரியைக் காப்பாற்றிய சேதி அதற்குள் ரேடியோவில் பரவியிருந்தது. முத்துராஜ் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கையை விரித்துச் சிரித்தார். அவருக்குப் பின்னால் படகே நின்று உள்ளங்கை காட்டியது.

கஸ்பாரும் காட்டினார். விரலிடுக்கில் ஒன்றும் இல்லைதான்.

அந்தப் பொய்யின் கசப்புப் போவதற்கு இன்னொரு பீடி தேவைப்பட்டது. அடுத்த கடப்பில் இன்னொரு பொய், அதற்கு இன்னொரு பீடி. பழைய காலத்தில் கஸ்பார் பழக்கத்துக்குக் குடித்தார். இப்போது வெட்கத்துக்குக் குடித்தார், அது பழக்கத்தைவிட இரண்டு மடங்கு கேட்டது. மார்ட்டினுக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை, வீலைப் பிடிக்கும்போது அந்தோணியாரைக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அமுதத்துக்குத் தெரியாமலிருக்க கஸ்பார் செருப்பை விட்டு ஷூவுக்கு மாறினார். வீட்டுக்குள்ளும் சாக்ஸைக் கழற்றுவதில்லை. கால் விரல் உள்ளே என்ன ஆகிறது என்று அவரே பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வரச் சொன்ன தேதிக்கு, ஃபெர்ரியில் கூட்டம் என்று சொல்லிப் போகாமல் விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது போன் அடித்தது. முத்துராஜ். சௌல்தாரியில் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் தவறிவிட்டார், அங்கேயிருந்து பேசுகிறார். எழவு வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் தட்டில் வெற்றிலையோடு சிகரெட்டும் பீடியும் வைத்து நீட்டுவது வழக்கம். தட்டு மூன்று தடவை தன் முன்னால் வந்து நின்றதாகச் சொன்னார். குரல் இறங்கியிருந்தது.

“மூணாந்தடவ கையே போயிருச்சு கஸ்பாரு. தொட்டுட்டேன். அப்பறம் உன் கை ரெண்டும் ஞாபகம் வந்துச்சு, வச்சுட்டேன். நீ மட்டும் இல்லன்னா இன்னைக்கு நான் காலி.”

கஸ்பார் “நல்லது மக்கா” என்றார். போனை வைத்துவிட்டு, அமுதம் கொண்டுவந்து வைத்த இடியாப்பத்தைத் தொடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொன்னால் முத்துராஜ் உடைந்துபோவார், அடுத்த எழவு வீட்டுத் தட்டில் எடுத்துவிடுவார். சொல்லாமல் விட்டால், அந்த மனிதர் இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். இரண்டில் எது பெரிய பாவம் என்று பூசை வைத்த சாமியாரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவரும் போன வாரம் ஃபெர்ரியில் உள்ளங்கை காட்டியவர்.

திங்கட்கிழமை முதல் கடப்பு. வெயில் நன்றாக அடித்தது, தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது. முத்துராஜின் கைகள் ஜன்னலுக்கு வெளியே வந்தன. அவர் படகின் கைகள் எல்லாம் வந்தன. இந்தப் படகின் கைகளும் எழுந்தன. மார்ட்டின் வீலைப் பிடிக்க வந்தார். கஸ்பார் தரவில்லை. இரண்டு கையாலும் வீலை இறுகப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றார். எதிர்ப்படகு பக்கவாட்டில் நழுவிப் போனது. நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஜனம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தது.

ரேடியோ கரகரத்தது. துறைமுகத்தில் இருக்கும் அத்தனை படகும் கேட்கும் ரேடியோ.

“கஸ்பாரு. கை எங்க?”

“வீல்ல இருக்கு மக்கா.”

“காட்டு.”

“காட்ட முடியாது. தேங்கா லாரி வந்த அன்னைக்கே போச்சு. அன்னையிலேருந்து நான் காட்டுனது எல்லாம் பொய்.”

முத்துராஜின் மைக் டக்கென்று அணைந்தது. பிறகு கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு குரல், சொந்தப் பேச்சுக்கு இந்த சேனல் இல்லை என்று இந்தியில் கறாராகச் சொன்னது. அது முடிந்ததும் எங்கோ வேறு படகிலிருந்து ஒரு வங்காளி சராங்கு என்ன விஷயம் என்று இந்தியில் கேட்க, ஒரு தெலுங்கர் அதற்கு விளக்கம் சொல்ல, கட்டுப்பாட்டு அறை மறுபடி அதட்ட, கடைசியில் அந்த வங்காளிக் குரல் மெதுவாக, “கோயி பாத் நஹி, கஸ்பார் பாய். ஃபிர் சே” என்றது. பரவாயில்லை, மறுபடியும். அதற்குக் கட்டுப்பாட்டு அறை ஒன்றும் சொல்லவில்லை.

கஸ்பாருக்கு அடுத்த கடப்புதான் பயம். முத்துராஜின் கையில் ஒரு சிகரெட் புகைந்துகொண்டிருந்தால் அந்தக் காட்சிக்குப் பிறகு தன் காலை யார் வெட்டி எடுத்துக்கொண்டு போனாலும் கவலையில்லை என்று தோன்றியது. பாம்பூ பிளாட்டில் வண்டிகள் இறங்கி, வேறு வண்டிகள் ஏறி, ஒரு யுகம் கழித்துப் படகு கிளம்பியது. தூரத்தில் முத்துராஜின் ஃபெர்ரி. ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் கைகள் தெரிந்தன, விரித்தபடி, வெறுமையாக. கடந்து முடித்த பிறகும் பின்பக்கமாகத் திரும்பி அந்தக் கைகள் அங்கேயே நின்றன. கஸ்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அலை தெறித்ததாக மார்ட்டினிடம் சொன்னார். தண்ணீரில் அலையே இல்லை.

சாயங்காலம் முத்துராஜ் பயணியாக பாம்பூ பிளாட்டுக்கு வந்து இறங்கினார். கஸ்பார் திட்டு வாங்கத் தயாராக, கட்டிப்போட்ட படகின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முத்துராஜ் பீடியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“ஷூவக் கழட்டு” என்றார்.

“வேண்டாம் மக்கா. நாறும்.”

“ரப்பர் பாலு நாத்தத்துல பொறந்தவென் நான். கழட்டுயா.”

கஸ்பார் அசையவில்லை. முத்துராஜ் கீழே குந்தி, தானே கயிற்றை அவிழ்த்து, ஷூவையும் சாக்ஸையும் உருவினார். பெருவிரல் பாதிக்குமேல் கறுத்திருந்தது. பக்கத்து விரலிலும் நிழல் மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. அவர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்க முயன்றார், முடியவில்லை. பாதத்தை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். பனிக்கட்டி போல இருந்தது. அந்த ஜெட்டியில், மீன்காரர்களும் பைக்கில் வந்தவர்களும் சுற்றிப் போய்வர, ஒரு சராங்கு இன்னொரு சராங்கின் காலைத் தேய்த்துத் தேய்த்துச் சூடு பண்ணினார்.

“பொய் சொன்னேனே” என்றார் கஸ்பார்.

“சொன்ன. நானும் எத்தன பேருக்குச் சொல்லிருக்கேன். எம்பொஞ்சாதி விஜயகுமாரிகிட்ட கேளு, பல்பொடி வாசம்னு சொல்லி ஒரு வருசம் ஓட்டுனேன். அதுக்காக உன்னய விட்டுருவேன்னு நெனச்சியா?”

“நீ உடஞ்சிருவன்னு நெனச்சேன்.”

முத்துராஜ் கொஞ்ச நேரம் தேய்ப்பதை நிறுத்தினார். “உடையத்தான் பாத்தேன்” என்றார். “மத்தியானம் கடை வரைக்கும் போயிட்டேன். அப்பறம், இப்ப நான் போய்க் குடிச்சா இவென் யார்கிட்ட வந்து சொல்லுவான்னு தோணுச்சு. டீ குடிச்சுட்டு வந்துட்டேன்.”

மறுநாள் முத்துராஜ் லீவு போட்டார். காலையில் முதல் படகுக்கே வந்து கஸ்பாரின் வீல்ஹவுஸில் ஏறிக்கொண்டார். நடுத்தண்ணீரில் ஒரு நொடி பார்த்துக்கொள்வது இந்த ஆளுக்குப் போதாது, இன்றைக்கு ஜெட்டியிலும் கூடவே நிற்கவேண்டும் என்று முடிவு செய்திருந்தார். வண்டிகள் இறங்கும் நேரம்தான் கஸ்பாரின் கைகள் பைத்தியமாகும் நேரம். அப்போதெல்லாம் முத்துராஜ் வாய் ஓயாமல் பேசினார். கச்சாலில் தன் அப்பா ஒரு மரத்திலிருந்து ஒரே நாளில் ஒரு லாரி டயருக்கு வேண்டிய பாலை இறக்கியதாகச் சொன்னார். அந்த டயர் இன்னும் அபர்டீன் பஜாரில் ஓடுகிறது என்றார். கஸ்பார் சிரிக்கவும் இல்லை, நம்பவும் இல்லை, வியர்த்துப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி லாரி இறங்கியது. ஆசையும் எங்கேயோ இறங்கிவிட்டது. “போயிருச்சு” என்றார். “திரும்ப வரும்” என்றார் முத்துராஜ். வந்தது. மறுபடி டயர் கதை வந்தது, இந்தத் தடவை பஸ் டயர்.

மத்தியானத்துக்கு மேல் மார்ட்டின் பொறுப்பேற்றுக்கொள்ள, இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் திவ்யா காலைப் பார்த்தார், தவறவிட்ட தேதியைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார்.

“பீடி எப்ப விட்டீங்க?”

இந்தக் கேள்விக்கு கஸ்பாரிடம் அழகழகான பதில்கள் இருந்தன. எல்லாம் நாக்கு நுனி வரை வந்து நின்றன.

“இன்னைக்குக் காலையில, டாக்டர்.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். இந்த நாற்காலியில் இப்படி ஒரு பதிலைக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை போலிருக்கிறது. நேற்று எத்தனை என்று கேட்டார், கஸ்பார் அதையும் சொன்னார். அவர் கோபிக்கவில்லை. பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் தேடினார். கறுத்த விரலுக்குத் தன்னால் உத்தரவாதம் தரமுடியாது, ஆனால் பாதத்தில் துடிப்பு இன்னும் இருக்கிறது, மங்கலாக இருக்கிறது, இன்றைக்கு மாதிரியே நாளைக்கும் இருந்தால் பாதத்தைக் காப்பாற்ற நன்றாகவே வாய்ப்பிருக்கிறது என்றார். மாத்திரை எழுதினார், ஸ்கேனுக்கு எழுதினார், எழுதிக்கொண்டிருக்கும்போதே முத்துராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார்.

“எங்க டாக்டரம்மா இருக்கு அது? நானும் பாக்கலாமா?”

திவ்யா அவருடைய விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துவிட்டார். முத்துராஜ் குனிந்தார். வெளியே யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

“இருக்கா மக்கா?” என்றார் கஸ்பார்.

“பேசாத இரு.”

கஸ்பார் மூச்சையும் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முத்துராஜ் விரலைக் கொஞ்சம் நகர்த்தினார், கொஞ்சம் அழுத்தினார், பிறகு அழுத்துவதைக் குறைத்தார். அவர் முகம் மெதுவாக விரிந்தது.

“இருக்குயா” என்றார். “கட்டிப்போட்ட படகுல எஞ்சின் ஓடுற மாதிரி. சின்னதா. இரு, இன்னொருக்க வருது.”

விரலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.